வீட்டை வாடகைக்கு விடப் போறீங்களா? 11 மாத அக்ரிமென்டா, லீஸா, போக்கியமா... எது யாருக்குச் சரி?

ஜெராக்ஸ் கடையில் ரெடியாக இருக்கும் வாடகை ஒப்பந்தம். பெயர், கதவு எண், வாடகை, அட்வான்ஸ், தேதி. ஐந்து இடத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஏராளமான வீடுகள் இப்படித்தான் வாடகைக்குப் போகின்றன. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை அந்தத் தாளை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வாடகை நின்றுபோன மாதம்தான் பீரோவைக் குடைந்து தேடுவார்கள். அப்போதுதான் தெரியும், அதில் ஒப்பந்தக் காலம் முடிந்தே மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று.

"அக்ரிமென்ட் போட்டாச்சா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எந்த அக்ரிமென்ட் என்று கேட்கிறவர்கள் குறைவு. பிரச்சினை வரும்போது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தச் சட்டம் கைகொடுக்கும், வீடு எப்போது திரும்பக் கைக்கு வரும் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னை பள்ளிக்கரணையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். மாத வாடகை 18,000 ரூபாய் போகும். உரிமையாளருக்கு வேலை மாற்றலாகி வேறு ஊர் போக வேண்டிய நிலை. வங்கிக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. புரோக்கர் சொல்வது, "சார், 11 மாச அக்ரிமென்ட் போட்டுடலாம், ரிஜிஸ்டர் பண்ற செலவே இல்ல." மச்சான் சொல்வது, "லீஸுக்கு விட்டுடுங்க, பத்து லட்சம் மொத்தமா வரும்." இரண்டில் எது சரி?

அந்த 11 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம் 17-வது பிரிவுதான் காரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டை வாடகைக்கோ குத்தகைக்கோ விட்டால், அந்தப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பதிவு என்றால் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், அலைச்சல். அதைத் தவிர்க்கத்தான் 12 மாதத்துக்கு ஒரு மாதம் குறைத்து 11 மாதம் என்று எழுதும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியது.

இதில் தப்பு எதுவும் இல்லை. சட்டம் தரும் வழிதான். ஆனால் தமிழ்நாட்டில் 2019-க்குப் பிறகு இந்தக் கணக்கு பாதிதான் சரி.

வாடகை விவகாரங்களை அதுவரை கவனித்துவந்தது 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பேச்சில் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு இதில் இடமே இல்லை. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் இந்த வாடகை அதிகாரி. 11 மாத ஒப்பந்தத்துக்கு விலக்கு என்று எங்கேயும் சொல்லப்படவில்லை.

ரெண்டு பதிவு, ரெண்டு அலுவலகம்

குழப்பமே இங்கேதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது வேறு, வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. 11 மாத ஒப்பந்தத்துக்கு முதலாவது தேவையில்லை, இரண்டாவது தேவை. ஓராண்டைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கு இரண்டுமே தேவை. "ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வது முதலாவதைப் பற்றி. உரிமையாளர் அதைக் கேட்டு இரண்டாவதையும் சேர்த்து விட்டுவிடுகிறார்.

வாடகை அதிகாரியிடம் பதிய நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் டெனன்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் விவரம், அடையாள ஆவணங்கள், வீட்டின் விவரம், கையெழுத்தான ஒப்பந்தம் ஆகியவற்றை விதிகளில் சொன்ன கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். சரிபார்த்த பிறகு ஒரு பதிவு எண் கிடைக்கும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. பின்னால் எந்த மனுவுக்கும் அதுதான் முதலில் கேட்கப்படும்.

பதியாமல் விட்டால் என்ன ஆகும்? போலீஸ் பிடிக்காது, அபராத நோட்டீஸ் வீட்டுக்கு வராது. அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வேறு வடிவத்தில் வரும். பதியப்படாத ஒப்பந்தத்தை, அதில் உள்ள பரிவர்த்தனைக்கு ஆதாரமாக ஏற்க முடியாது என்கிறது அந்தச் சட்டத்தின் 4-ஏ பிரிவு. வாடகை 18,000 என்று பேசினோம், அவர் 12,000தான் என்கிறார். எது உண்மை என்று காட்ட உரிமையாளர் கையில் இருக்கும் ஒரே தாள் அந்த ஒப்பந்தம். அதை எடுத்து நீட்டும்போது "பதிவு எண் எங்கே?" என்று கேட்டால் பதில் இருக்காது. ஒப்பந்தமே போடாததைக் காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க சட்டத்தில் வழி உண்டுதான். ஆனால் பாக்கி வாடகை எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு உயர்வு என்று பேசியதையெல்லாம் நிரூபிக்க அந்த வழி உதவாது.

யாருக்கு 11 மாதம் பொருந்தும்?

அடுத்த வருஷம் வீடு தனக்கே தேவைப்படலாம் என்று நினைப்பவருக்கு. மகன் கல்யாணம், ஊர் திரும்பும் திட்டம், வீட்டை விற்கும் யோசனை என்று எதுவாக இருந்தாலும் குறுகிய காலம்தான் பாதுகாப்பு. அதே ஊரில் இருந்து, வருஷா வருஷம் உட்கார்ந்து புதுப்பிக்க நேரம் உள்ளவருக்கும் சரி.

ஒரே நிபந்தனை, உண்மையிலேயே புதுப்பிக்க வேண்டும். 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகும் பழைய தாளை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டுவது, காலாவதியான இன்சூரன்ஸோடு வண்டி ஓட்டுவது மாதிரி. மொபைலில் பத்தாவது மாதத்துக்கு ஒரு ரிமைண்டர் போட்டு வைத்தால் போதும், நிறைய தலைவலி மிச்சம்.

நீண்டகால ஒப்பந்தம்: வெளியூர்க்காரருக்கு இதுதான்

பள்ளிக்கரணை உரிமையாளர் மூன்று வருஷத்துக்குத் திரும்பப் போவதில்லை என்றால், ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போடுவதைவிட மூன்று வருஷ ஒப்பந்தமே தேவலை. குடிவருகிற குடும்பத்துக்கும் அது நிம்மதி. பிள்ளைகளின் ஸ்கூலை நடுவில் மாற்ற வேண்டியிருக்காது. அப்படிப்பட்டவர்கள் வீட்டையும் கொஞ்சம் தன் வீடு போலப் பார்த்துக்கொள்வார்கள்.

செலவு எவ்வளவு? தமிழ்நாட்டில் 30 வருஷத்துக்குட்பட்ட குத்தகைக்கு, மொத்த வாடகை, முன்பணம் எல்லாம் சேர்த்த தொகையில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். முதல் வருஷம் மாதம் 18,000, பிறகு ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்றால் இரண்டாம் வருஷம் 18,900, மூன்றாம் வருஷம் 19,845. மூன்று வருஷ வாடகை மொத்தம் 6,80,940 ரூபாய். அட்வான்ஸ் 54,000 ரூபாயையும் சேர்த்தால் 7,34,940. ஆக முத்திரைத்தீர்வை 7,350 ரூபாய் அளவுக்கும், பதிவுக் கட்டணம் அதே அளவுக்கும் வரும். மூன்று வருஷத்துக்குப் பதினைந்தாயிரத்துக்கும் கீழே. ஒரு மாத வாடகைகூட இல்லை. "ரிஜிஸ்டர் பண்ணா செலவு ஜாஸ்தி" என்று பயந்து ஓடும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை.

நீண்டகால ஒப்பந்தத்தில் உரிமையாளர்கள் கோட்டை விடும் இடம் வாடகை உயர்வு. ஒப்பந்தக் காலத்துக்குள் எவ்வளவு உயரும் என்று அதிலேயே எழுதாவிட்டால், இடையில் உயர்த்தச் சட்டம் விடாது. "ஏரியா ரேட்டு ஏறிடுச்சு" என்று அடுத்த வருஷம் சொன்னால் செல்லாது. 5 சதவீதமோ 7 சதவீதமோ, எந்த மாதத்திலிருந்து என்று எண்ணாக எழுத வேண்டும். "அப்போதைய நிலவரப்படி" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம்.

இன்னொன்று, நடுவில் காலி செய்தால் என்ன என்பது. முதல் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இரு தரப்பும் விலகக்கூடாது, அதற்குப் பிறகு யார் விலகினாலும் இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று போடுவது வழக்கம். ஒரு தரப்புக்கு மட்டும் நோட்டீஸ் காலம் எழுதினால் அதுவே பிற்பாடு சண்டைக்கு ஆரம்பம்.

வீடு வங்கியில் அடமானமாக இருந்தால், நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதற்குக் கடன் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் வங்கியின் சம்மதக் கடிதம் வாங்கிவிட வேண்டும்.

'லீஸ்' என்று ஊரில் சொல்வது உண்மையில் என்ன?

இப்போது மச்சானின் யோசனைக்கு வரலாம். சென்னையில் "லீஸுக்கு வீடு" என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடிவருவார், இரண்டு மூன்று வருஷம் இருப்பார், போகும்போது முழுத்தொகையும் திரும்ப வாங்கிக்கொள்வார். தென் மாவட்டங்களில் இதையே ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்கிறார்கள்.

பேச்சு வழக்கில் பெயர் லீஸ். சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் இது குத்தகையே இல்லை, அடமானம். உரிமையாளர் கடன் வாங்குகிறார், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருக்கிறார். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவு இதை சுவாதீன அடமானத்தின் கீழ்தான் வைக்கிறது. பணம் திரும்பும் வரை வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அதாவது மூன்று வருஷம் முடிந்த மறுநாள் கையில் பத்து லட்சம் இல்லையென்றால், "காலம் முடிஞ்சுது, காலி பண்ணுங்க" என்று சொல்ல முடியாது. வாடகை நீதிமன்றமும் இதற்கான இடம் இல்லை. அடமானத்தை மீட்கும் வழக்காக சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பதிவும் இதற்குக் கட்டாயம். இரண்டு சாட்சிகளோடு பத்திரம் எழுதி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். பத்து லட்சத்துக்கு 50,000 ரூபாய். இந்தச் செலவைப் பார்த்துத்தான் பலர் சாதாரண முத்திரைத்தாளில் "லீஸ் அக்ரிமென்ட்" என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதில் இரு தரப்புக்குமே பாதுகாப்பு இல்லை.

சரி, பணக்கணக்காகவாவது லாபமா? பத்து லட்சம் கையில் வருகிறது, வட்டி இல்லை என்று தோன்றும். விட்டுக்கொடுக்கும் வாடகைதான் வட்டி. மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு அது 21.6 சதவீதம். வீட்டுக்கடன் வட்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பத்து லட்சத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்கலாம் என்று நினைப்பவருக்கு இது சுத்த நஷ்டம். கந்துவட்டிக் கடனை அடைக்க வேண்டும், உடனடியாக மருத்துவச் செலவு, வேறு எங்கேயும் கடன் பிறக்கவில்லை என்ற நெருக்கடியில் மட்டும்தான் இது கணக்குக்கு வரும். அப்போதும், திருப்பிக் கொடுக்கும் பணம் மூன்று வருஷம் கழித்து எங்கிருந்து வரும் என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். அடுத்து வரும் லீஸ்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பது என்பதுதான் பல வீடுகளில் நடப்பது. அடுத்த ஆள் கிடைக்காத மாதத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

பள்ளிக்கரணை வீட்டுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. அது ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் உள்ளது. அதை மறைத்து இன்னொருவரிடம் பத்து லட்சம் வாங்கிவிட்டு, தவணை தவறி வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், குடியிருப்பவர் பணத்தையும் இழந்து தெருவுக்கு வருவார். உரிமையாளர் மீது மோசடிப் புகார் போகும். கடன் பாக்கி உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு விடக்கூடாது என்பதே இதில் பாதுகாப்பான முடிவு.

போக்கியத் தொகையை ரொக்கமாக வாங்குவதும் ஆபத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கத்தில் வாங்க வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். வங்கி வழியாக மட்டும்தான் வாங்க வேண்டும். பதிவு செய்த போக்கியம் வில்லங்கச் சான்றில் ஏறும். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் ரத்து ரசீதையும் பதிய மறந்தால், பின்னால் வீட்டை விற்கும்போது அது குறுக்கே நிற்கும்.

இன்டர்நெட்டில் கிடைக்கும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' படிவம்?

கூகுளில் தேடினால் அழகாக வடிவமைத்த ஒரு படிவம் முதலில் வந்து நிற்கும். அது மும்பை, புனே வழக்கம். மகாராஷ்டிராவின் 1999-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அதற்குத் தனி ஏற்பாடும் கட்டாயப் பதிவும் இருக்கின்றன. அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு அதுதான் சரியான படிவம்.

சென்னை வீட்டுக்கு அதைப் போட்டால் வாடகைதாரர் வெறும் 'அனுமதி பெற்றவர்' ஆகிவிடுவார், நினைத்த நேரத்தில் அனுப்பலாம் என்று சிலர் நம்புகிறார்கள். தாளின் தலைப்பு என்ன என்று பார்த்து முடிவு செய்ய முடியாது, உண்மையில் என்ன உரிமை கொடுக்கப்பட்டது என்றே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சாவியைக் கொடுத்து, முழு வீட்டையும் ஒரு குடும்பத்தின் தனி அனுபவத்தில் விட்டுவிட்டு, மாதாமாதம் பணம் வாங்கினால் அது வாடகைதான்.

அட்வான்ஸ்: பத்து மாதமா, மூணு மாதமா?

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 11-வது பிரிவு. 18,000 வாடகைக்கு 54,000 ரூபாய். அதைத் தாண்டி வாங்குவதானால் ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். வாடகைதாரர் காலி செய்த பிறகு, நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

பிடித்தம் என்றதும் எல்லா ஊரிலும் ஒரே சண்டைதான்: பெயின்டிங். "ஒரு மாச வாடகையை பெயின்டிங்குக்குப் பிடிச்சுக்குவோம்" என்பது எழுதப்படாத விதி மாதிரி ஆகிவிட்டது. சட்டத்தின் இணைப்பு அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, கட்டட அமைப்பு ரிப்பேர், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவற்றை உரிமையாளர் பக்கம்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர், வாஷ்பேசின், பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி இதெல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. புழங்கிய வீட்டில் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு யாரிடமும் காசு கேட்க முடியாது. குழந்தை சுவரில் கிறுக்கியது தேய்மானமா, சேதமா? சட்டம் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. குடிவரும் நாளில் ஒவ்வொரு அறையையும் மொபைலில் வீடியோ எடுத்து, இருவர் வாட்ஸ்அப்பிலும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

ஒப்பந்தத்தில் இன்னும் என்னென்ன?

ஃபேன் எத்தனை, ஏசி எத்தனை, மாடுலர் கிச்சன் நிலை என்ன என்று பொருள் பட்டியல் தனித்தாளாக இருக்க வேண்டும். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, கரன்ட் பில் எந்த மீட்டர், குடிவரும் நாள் ரீடிங் எவ்வளவு, பார்க்கிங் உண்டா, சொத்து வரி உரிமையாளருடையதுதானா என்பதையும் எழுத வேண்டும். வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது, குடியிருக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற இரண்டு வரியும் அவசியம். வீட்டிலேயே கடை, குடோன் என்று ஆரம்பித்தால் மின் கட்டண வகை மாறும், அந்தச் சிக்கல் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும்.

வீடு கணவன் மனைவி இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அம்மா பெயரில் உள்ள வீட்டுக்கு மகன் கையெழுத்துப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. வழக்கு என்று வந்தால் எதிர் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் உறவினர் ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டால், பதிவு, வாடகை வசூல், வழக்கு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்ள முடியும்.

வாடகைதாரரின் அடையாள ஆவண நகல், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை வாங்கி வைப்பதும், உள்ளூர் காவல் நிலையம் கேட்கும் இடங்களில் விவரம் கொடுத்துவிடுவதும் உரிமையாளருக்கே பாதுகாப்பு.

வாடகை நின்னுபோச்சு... பூட்டைப் போடலாமா?

கூடாது. தண்ணீர், கரன்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. துண்டித்தால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போய் மீண்டும் இணைக்க உத்தரவு வாங்க முடியும். வாடகை தராதவர் புகார்தாரராகவும், வாடகை வர வேண்டியவர் பதில் சொல்கிறவராகவும் மாறிப்போகும் இடம் இது. வீட்டைப் பார்க்க உள்ளே போவதற்கும் 24 மணி நேரம் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும்.

சரியான வழி நோட்டீஸ். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கேட்டு மனு போடலாம். அனுமதி இல்லாமல் வேறு ஆளுக்கு விட்டது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, பெரிய ரிப்பேர் அல்லது இடித்துக் கட்டுவது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது என்று வேறு காரணங்களும் உண்டு. நோட்டீஸைப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு தபாலில் அனுப்புவதே நல்லது. வாட்ஸ்அப்பில் "எப்போ தருவீங்க?" என்று கேட்டதையெல்லாம் நோட்டீஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

12 வருஷம் இருந்தா வீடு அவங்களுக்கே சொந்தமாமே?

இந்தப் பயத்தில்தான் சிலர் வருஷத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்றுகிறார்கள். வாடகைதாரர் உரிமையாளரின் சம்மதத்தோடு, அவரை உரிமையாளராக ஏற்றுக்கொண்டு இருப்பவர். அந்த நிலையில் எத்தனை வருஷம் இருந்தாலும் வீடு அவருக்குச் சொந்தமாகாது. 12 வருஷக் கணக்கு, உரிமையாளரை மறுத்து, வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவிப்பவருக்குப் பொருந்துவது. ஒப்பந்தமே இல்லாமல், ரசீதும் இல்லாமல், வாடகையும் வாங்காமல் உறவுக்காரரைக் குடிவைத்து வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் தாளில் எழுதிப் பதிவு செய்வது அதனால்தான் முக்கியம்.

வரிக் கணக்கு

வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு, 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, அதற்கு எந்த பில்லும் காட்ட வேண்டாம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வாடகைதாரரே 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் கதை வேறு. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடாவிட்டால், இரண்டு வருஷம் கழித்து வாடகைதாரருக்கு நோட்டீஸ் வரும்போதுதான் இருவருக்கும் தெரியவரும்.

கடைசியாக, காலி செய்யும் நாள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது "வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன், இவ்வளவு பிடித்தம் போக இவ்வளவு பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு கடிதம் எழுதி வாங்க வேண்டும். தேதி, கரன்ட் மீட்டர் ரீடிங், எத்தனை சாவி என்பதும் அதில் இருக்கட்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பினால், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்குத் தனியாக ரசீது தேட வேண்டியதில்லை.